ஞாயிற்றுக்கிழமைச் சேவை: கதவு திறந்திருக்கிறது, கடை திறந்திருக்கிறதா?

கடந்த ஓராண்டாக வீட்டுக்குத் தேவையான பொருள்களில் பெரும்பகுதியை நான் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வாங்கியிருக்கிறேன். திட்டமிட்டுச் செய்த சோதனை அல்ல. மற்ற நாள்களில் வேலை முடிந்து வெளியே வரும்போது கடைக்குப் போகும் தெம்பு இருப்பதில்லை என்பதால் தானாக அமைந்த பழக்கம். கடைகள் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்க வேண்டுமா, மூட வேண்டுமா என்ற வாதத்தில் மதமும் தொழிலாளர் நலனும் வணிகச் சுதந்திரமும் மாறி மாறிப் பேசப்படுகின்றன. அவை பேசப்பட வேண்டியவைதான். ஆனால் 'ஞாயிறும் உண்டு' என்று பலகை வைக்கும் கடை நமக்கு ஒரு சேவையை அளிப்பதாகச் சொல்கிறது. மற்ற சேவைகளைப் போல அதையும் தரம் பார்த்துத்தான் ஏற்க வேண்டும் என்ற எண்ணத்தில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடை ஒன்றில் ஒரு ஞாயிறு காலை சிறிய சலவை இயந்திரம் வாங்கினேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை; நான் சொல்லும் குறை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியது என்று தோன்றவில்லை. விற்பனை எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்தது. மாடல்களை விளக்கிச் சொல்ல ஆள் இருந்தார், பில் உடனே வந்தது, பெட்டியை வண்டியில் ஏற்றவும் உதவினார்கள். வீட்டில் பெட்டியைப் பிரித்துப் பொருத்தும்போதுதான், உள்ளே வைத்திருந்த தண்ணீர்க் குழாய் வேறு ஏதோ மாடலுக்கு உரியது என்று தெரிந்தது. மரை சேரவில்லை. அன்று பிற்பகலே திரும்பிப் போனேன். மாற்றுக் குழாய் கிடங்கில் இருக்கும், ஆனால் கிடங்குச் சாவி வைத்திருப்பவருக்கு இன்று விடுமுறை என்றார்கள். பொருளையே திருப்பித் தந்துவிடலாமா என்று கேட்டேன். அதற்கு மேலாளரின் ஒப்புதல் வேண்டும், "அவர் நாளைக்குத்தான் வருவார் சார்" என்று பதில் வந்தது. தயாரிப்பு நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்தால், வார நாள்களில் அழைக்குமாறு பதிவுசெய்த குரல் கேட்டுக்கொண்டது. வாரண்டி அட்டையில் முத்திரை வைக்கவும் அதே மேலாளர்தான் வேண்டுமாம். அவ்வளவு பெரிய கடையில் அன்று குறையில்லாமல் இயங்கியது பணம் வாங்கும் கவுண்ட்டர் ஒன்றுதான்.

இதில் விற்பனையாளர்களின் தவறு எதுவும் இல்லை. அவர்கள் பொறுமையாகவே பேசினார்கள். ஒரு கடை என்பது நாம் நிற்கும் கூடம் மட்டுமல்ல. அதன் பின்னால் கிடங்கும், அதற்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியும், பழுது பார்க்கும் மையமும், பணத்தைத் திருப்பி அனுப்பும் வங்கியும் இருக்கின்றன. ஞாயிறன்று முன்கூடத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டுப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் மூடி வைப்பது இன்று பல பெருங்கடைகளின் வழக்கம். பலகையில் அந்த விவரம் மட்டும் இருப்பதில்லை. 'இன்று விற்பனை மட்டும் உண்டு. மாற்றுதலும் திருப்பித் தருதலும் பழுது பார்த்தலும் நாளை' என்று நுழைவாயிலில் ஒரு வரி எழுதியிருந்தால் நான் அன்று வாங்கியிருக்க மாட்டேன். ஒருவேளை அதனால்தான் எழுதுவதில்லையோ என்னவோ.

அதன் பிறகு நான் பொருள்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன். வாங்கியவுடன் முடிந்துவிடும் பொருள்கள் ஒரு வகை: பால், ரொட்டி, சோப்பு, குழந்தைக்கான துணி நாப்கின் போன்றவை. காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் கடைக்கும் நமக்கும் இடையே உள்ள உறவு தீர்ந்துவிடுகிறது. வாங்கிய பிறகுதான் தொடங்கும் பொருள்கள் மற்றொரு வகை: இயந்திரங்கள், மரச்சாமான்கள், அளவு பார்த்து மாற்ற வேண்டிய உடைகள், தொலைபேசிகள் ஆகியவற்றில் விற்பனை என்பது பல நாள் நீளும் உறவின் முதல் நாள் மட்டுமே. முதல் வகைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சேவை முழுச் சேவையாகவே கிடைக்கிறது. இரண்டாம் வகைக்கு அது பாதிச் சேவை. அதிலும் வேடிக்கை என்னவென்றால், ஞாயிறன்று கூட்டத்தைக் கவர அதிகமாக விளம்பரம் செய்யப்படுபவை இந்த இரண்டாம் வகைப் பொருள்களே.

ஒரு குடும்பம் தானே நடத்தும் சிறிய மளிகைக் கடையில் எனக்கு இந்தச் சிக்கல் ஒருமுறைகூட வந்ததில்லை. முதலாளியே கல்லாவில் அமர்ந்திருப்பதால் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கெட்டுப்போன பொருளைக் காட்டினால் அந்த நொடியே மாற்றித் தருகிறார். மருந்துக் கடையைப் பற்றி வாதமே தேவையில்லை. காய்ச்சல் கிழமை பார்த்து வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மூடும் வழக்கம் உறுதியாக உள்ள ஜெர்மனியிலும் மருந்துக் கடைகள் முறை வைத்துத் திறந்திருக்கின்றன.

அந்தப் பெருங்கடையில் எனக்குப் பதில் சொன்ன விற்பனையாளரிடம், ஞாயிறு வேலை பார்த்தால் உங்களுக்கு எந்த நாள் விடுமுறை என்று கேட்டேன். புதன்கிழமை என்றார். கணவருக்கு ஞாயிறு, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை சனியும் ஞாயிறும். புதன்கிழமை வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் அன்று துணி துவைத்து, தூங்கி, மாலையில் பிள்ளைகள் வரும்வரை காத்திருப்பதாகச் சொன்னார். அவர் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னார். சலவை இயந்திரக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அதற்கு மேல் கோபப்பட மனம் வரவில்லை.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதும், வாரத்தில் ஒரே நாளில் எல்லோருக்கும் ஓய்வு என்பதும் வேறு வேறு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இந்த வேறுபாட்டை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. தொழிற்சாலைகளுக்காக 1921-இல் அது நிறைவேற்றிய 14-ஆம் உடன்படிக்கையும், வணிக நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்கும் உரிய 1957-ஆம் ஆண்டின் 106-ஆம் உடன்படிக்கையும், ஏழு நாளுக்கு ஒருமுறை தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. இயன்றவரை அந்த ஓய்வு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும், அந்த நாட்டின் மரபில் ஓய்வு நாளாக உள்ள நாளோடு பொருந்த வேண்டும் என்றும் சொல்கின்றன. எந்தக் கிழமை என்று அவை கட்டளையிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இஸ்ரேலில் அது சனி, பல முஸ்லிம் நாடுகளில் வெள்ளி. ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல் தன் அரசு அலுவலகங்களின் வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என மாற்றி, வெள்ளியை அரை நாளாக வைத்துக்கொண்டது. கிழமை மாறலாம், ஆனால் பொதுவாக ஒரு நாள் வேண்டும் என்பதே அந்த உடன்படிக்கைகளின் சாரம்.

அந்தப் பொது நாளை அடியோடு எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சோவியத் ஒன்றியம் செய்தே பார்த்தது. 1929-இல் இயந்திரங்கள் ஒருநாளும் நிற்கக் கூடாது என்பதற்காக ஐந்து நாள் சுழற்சியைக் கொண்டுவந்து, தொழிலாளர்களை ஐந்து பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் கொடுத்து, நிறத்துக்கு ஒரு நாளாக விடுமுறையைப் பங்கிட்டார்கள். ஏழு நாளுக்கு ஒருமுறை கிடைத்த ஓய்வு ஐந்து நாளுக்கு ஒருமுறை கிடைத்தது. எண்ணிக்கையில் பார்த்தால் தொழிலாளிக்கு லாபம். ஆனால் கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு வேறு நிறம், நண்பனுக்கு மற்றொரு நிறம் என்று ஆனபோது, ஆளில்லாத வீட்டில் ஓய்வெடுப்பது ஓய்வாகத் தெரியவில்லை. 1931-இல் அந்த முறையைக் கைவிட்டு எல்லோருக்கும் பொதுவான ஓய்வு நாளுள்ள ஆறு நாள் வாரத்துக்கு மாறினார்கள். 1940-இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறு விடுமுறையும் திரும்பி வந்தன. மதத்தை ஓரங்கட்ட நினைத்த ஓர் அரசே ஞாயிற்றுக்கிழமையைத் திரும்ப அழைத்துக்கொண்டது. விற்பனையாளரின் புதன்கிழமையைப் பற்றிக் கேட்டபோது எனக்கு இந்த வரலாறுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே சட்டம் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடலாமா? அங்கும் தரம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் மூடுவதிலும் நல்ல ஏற்பாடும் மோசமான ஏற்பாடும் உண்டு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள ஏற்பாடு எனக்குப் பெரிதும் பிடித்தது, அதன் விசித்திரங்களோடு சேர்த்தே. 1986-இல் பிரதமர் தாட்சரின் அரசு ஞாயிறு கட்டுப்பாட்டை முற்றிலும் நீக்கக் கொண்டுவந்த மசோதா நாடாளுமன்றத்தில் 14 வாக்குகளில் தோற்றது. 1994-ஆம் ஆண்டின் சட்டம் நடுவழி ஒன்றைக் கண்டது: 280 சதுர மீட்டருக்கு உட்பட்ட சிறு கடைகள் விருப்பம்போல் திறக்கலாம், அதற்கு மேற்பட்ட பெருங்கடைகள் காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் தொடர்ந்து ஆறு மணி நேரம் மட்டும் திறக்கலாம். ஈஸ்டர் ஞாயிறன்று பெருங்கடைகள் திறக்கவே கூடாது. சட்டம் விற்பனையைத்தான் கட்டுப்படுத்துகிறது என்பதால், பல அங்காடிகள் அரை மணி நேரம் முன்னதாகவே கதவைத் திறந்து, வாடிக்கையாளர்கள் பொருள்களைப் பார்த்துக் கூடையில் எடுத்துக்கொள்ள விடுகின்றன. மணி அடிக்கும்வரை பில் போடுவதில்லை. 2012 ஒலிம்பிக்கின்போது சில வாரங்களுக்கு இந்த வரம்பைத் தளர்த்தினார்கள். நிரந்தரமாகத் தளர்த்த 2016-இல் செய்த முயற்சி 317-க்கு 286 என்ற வாக்குகளில் தோற்றது. ஸ்காட்லாந்தில் இத்தகைய பொது வரம்பே இல்லை.

இந்த ஏற்பாட்டில் நேர வரம்பைவிட முக்கியமானதாக நான் கருதுவது வேறொன்று. ஞாயிறு வேலை வேண்டாம் என்று கடைத் தொழிலாளி எழுத்து மூலம் சொல்லிவிட்டால், மூன்று மாத முன்னறிவிப்புக் காலம் முடிந்த பிறகு முதலாளி அவரை அன்று வேலைக்கு வரச் சொல்ல முடியாது; அதற்காக வேலையிலிருந்து நீக்கவும் முடியாது. ஞாயிறு மட்டும் வேலை செய்வதற்காகவே சேர்ந்தவர்களுக்கு இந்த உரிமை பொருந்தாது. அதில் நியாயம் இருக்கிறது. வார நாள்களில் படித்துக்கொண்டு ஞாயிறன்று மட்டும் வேலை பார்க்கும் மாணவருக்கு அந்த நாள் திறந்திருப்பதே வாழ்வாதாரம். மூன்று மாதம் காத்திருக்கச் சொல்வதுதான் சற்று அதிகம். பிரான்ஸில் 2015-ஆம் ஆண்டின் சட்டம் சர்வதேசச் சுற்றுலா மண்டலங்களில் ஞாயிறு வணிகத்தை அனுமதித்தபோது, வேலை செய்பவர் தாமாக முன்வந்தவராக இருக்க வேண்டும், அதற்கான ஈடு குறித்துத் தொழிலாளர்களோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 'வேண்டாம் என்றால் சொல்' என்பதைவிட 'விரும்பினால் வா' என்பது மேலான ஏற்பாடு. இரண்டும் காகிதத்தில் இருப்பதுபோல் கடைத்தளத்திலும் இருக்குமா என்பது முதலாளியைப் பொறுத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஜெர்மனி மறுகோடியில் நிற்கிறது. 1919-ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பு ஞாயிறைப் பணி ஓய்வுக்கும் மன உயர்வுக்கும் உரிய நாளாகப் பாதுகாத்தது. அந்தப் பிரிவை இன்றைய அரசியலமைப்பான 1949-இன் அடிப்படைச் சட்டம் அப்படியே தன்னுள் எடுத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் தொடர்ச்சியாகக் கடைகளைத் திறக்க பெர்லின் அனுமதித்தபோது, 2009 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. வணிகர்களின் வெறும் வருவாய் நோக்கமோ, வாங்குபவர்களின் அன்றாட வாங்கும் விருப்பமோ ஞாயிறின் பாதுகாப்பைத் தளர்த்தப் போதுமான காரணம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். வாங்குபவன் என்ற முறையில் இதைப் படித்தபோது முதலில் சற்றுச் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தால், நான் அந்த ஞாயிறன்று வாங்கிய எந்தப் பொருளும் மறுநாள் வரை காத்திருக்க முடியாததாக இல்லை. ஆனாலும் ரயில் நிலையம், விமான நிலையம், பெட்ரோல் நிலையம் போன்ற சில இடங்களில் மட்டுமே பெரும்பாலும் விற்பனை நடப்பதால், அவசரத்துக்கு ஒரு சிறு பொருள் வேண்டுபவர் பயணியைப் போல் நடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டருகே உள்ள சிறு கடைக்கு அந்த வாய்ப்பைத் தருவதில் யாருக்கு நட்டம் என்று எனக்குப் புரியவில்லை.

நார்வே அந்தச் சிறு கடைக்கு இடம் கொடுத்தது. 100 சதுர மீட்டருக்கு மிகாத மளிகைக் கடைகள் ஞாயிறன்று திறக்கலாம். உடனே சில பெரிய அங்காடிகள் கடையின் ஒரு பகுதியைத் தடுத்து, ஞாயிறன்று அந்தச் சிறு பகுதியை மட்டும் திறக்கத் தொடங்கின. போலந்தின் கதை இன்னும் சுவையானது. 2018-இல் தொடங்கிப் படிப்படியாக ஞாயிறு வணிகத்தைத் தடை செய்த சட்டத்தில் அஞ்சல் நிலையங்களுக்கு விலக்கு இருந்தது. ஆகவே பார்சல் வாங்கிக் கொடுக்கும் கடைகளெல்லாம் தங்களை அஞ்சல் நிலையமாக அறிவித்துக்கொண்டு பெருங்கடை வியாபாரத்தைத் தொடர்ந்தன. வருவாயில் 40 சதவீதத்துக்கு மேல் அஞ்சல் பணியிலிருந்து வந்தால்தான் விலக்கு என்று 2022-இல் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைக்க வேண்டியதாயிற்று. ஹங்கேரி 2015 மார்ச்சில் கொண்டுவந்த தடையை மக்களின் எதிர்ப்பால் 2016 ஏப்ரலிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. பழகிப்போன ஒரு வசதியை ஒரே நாளில் பறிப்பது நீடிப்பதில்லை. போலந்தின் சட்டத்தில் எனக்கு உடன்பாடான ஒரு பகுதி உண்டு: கடைக்காரர் தாமே கல்லாவில் நின்றால் ஞாயிறன்றும் திறக்கலாம். தன் ஓய்வைத் தானே விற்பவரையும், பிறருடைய ஓய்வை விற்பவரையும் அந்தச் சட்டம் வேறுபடுத்திப் பார்க்கிறது.

மதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நகரவாசிகளும் கைவினைஞர்களும் 'சூரியனின் நாளில்' ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டபோதே, பருவம் தவறினால் விளைச்சல் போய்விடும் என்பதால் உழவர்களுக்கு விலக்குக் கொடுத்தார். மதக் காரணத்துக்காக மட்டும் கடைகளை மூடச் சொல்லும் சட்டம் இன்று நிற்பது கடினம். கனடாவில் 1906-இல் வந்த ஆண்டவர் நாள் சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1985-இல் மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தது. அடுத்த ஆண்டே, மதம் சாராத பொது ஓய்வு நாள் என்ற நோக்கம் கொண்ட ஒன்டாரியோவின் சட்டத்தை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1961-இல் மேரிலாந்து வழக்கில் ஏறக்குறைய இதே வழியில் சென்றிருந்தது. ஓய்வு என்ற காரணம் தாங்கும். வழிபாடு என்ற காரணம் எல்லோர் மீதும் சுமத்தப்படும்போது தாங்காது.

இனி, இணையத்தில் எந்த நேரமும் வாங்கலாம் எனும்போது கடையை மூடி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் ஞாயிறு இரவு நான் பொத்தானை அழுத்துவதால் உடனே யாரும் கல்லாவில் நிற்க வேண்டியதில்லை. அந்த ஆணையை மறுநாள் காலை எடுத்துக் கட்டினாலும் எனக்குக் குறையில்லை. அன்றே கொண்டுவந்து தர வேண்டும் என்று நான் கேட்டால்தான் கிடங்கிலும் சாலையிலும் ஒருவர் தன் ஞாயிறை இழக்கிறார். நியூயார்க்கில் உள்ள பி அண்ட் ஹெச் என்ற புகைப்படக் கருவிக் கடை, தன் யூத ஓய்வு நாளான சப்பத்தின்போது கடையை மட்டுமல்ல, இணையதளத்தில் ஆணை ஏற்பதையும் நிறுத்தி வைக்கிறது. எல்லோரும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஆனால் அங்கே வாங்குபவருக்கு எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்ற குழப்பம் வருவதில்லை. ஆளே இல்லாத தானியங்கிக் கடை என்றால் என்ன செய்வது என்ற கேள்வியும் வந்துவிட்டது. ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் அத்தகைய கடைகளும் ஞாயிறன்று மூட வேண்டும் என்று 2023 இறுதியில் நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு மாநிலம் சட்டத்தையே திருத்தி அவற்றுக்கு வழிவிட்டது. ஒருவருடைய ஓய்வையும் பறிக்காத கடையை மூடச் சொல்வதில் எனக்கும் நியாயம் தெரியவில்லை, அங்கே அலமாரியை ஞாயிறன்று நிரப்ப யாரையும் அனுப்பாதவரை.

நட்சத்திரங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஞாயிறு திறக்கும் மருந்துக் கடைக்கு ஐந்தும், குடும்பம் நடத்தும் சிறு கடைக்கு நான்கும் கொடுப்பேன். அந்தக் குடும்பமும் எப்போதாவது ஓய்வெடுக்கட்டும் என்பதற்காக ஒன்றைக் குறைத்திருக்கிறேன். பெருங்கடையின் ஞாயிறுச் சேவைக்கு இரண்டு. ஆறு மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டு, விரும்பி வந்தவர்களை மட்டும் வேலையில் வைத்து, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவரையும் கிடங்குச் சாவியையும் அன்று கடையில் வைத்தால் நான்காக உயர்த்தத் தயங்க மாட்டேன். அது முடியாதென்றால் மூடிவிடுவதே வாங்குபவருக்கும் நல்லது. நானும் என் பழக்கத்தை மாற்றிக்கொண்டுவிட்டேன்: பால் போன்றவற்றைத் தவிர வேறு எதையும் ஞாயிறன்று வாங்குவதில்லை, அன்றே கொண்டுவந்து தரும் வசதியையும் அந்த நாளில் தேர்ந்தெடுப்பதில்லை.

சலவை இயந்திரத்தின் குழாய் செவ்வாய்க்கிழமை ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது. மேலாளர் வாரண்டி அட்டையில் முத்திரை வைத்து அன்றைய தேதியையே போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வாங்கியதால் எனக்குக் கிடைத்த லாபம் அந்த இரண்டு நாள் கூடுதல் வாரண்டி ஒன்றுதான்.